கோணக்கொம்பிக்குத் திட்டுதான் பிடிக்கும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சளி விட்டதா?

அப்பா போய் ஒரு மாதமாகிறது. திரும்பி வந்து பார்த்தால் சலவைக் கடையில் துணி மலைபோல் கிடந்தது. இன்றுதான் தரை தெரிந்தது, பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். செங்கல் சூளைக்காரர் நம் நிலத்தைக் கேட்கிறார். வீடு, தொழுவம், கிணறு, மேய்ச்சல் எல்லாம் சேர்த்து. பத்திரம் எழுதி வைத்துவிட்டார். நிலம் நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். மாடுகளைக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து இரு. கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரு முழுவதும் தெரியும். ஆறு எருமைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக நீ என்ன செய்வாய்?

வரும்போது அப்பாவின் காக்கிச் சட்டையை ஞாபகத்துக்கு எடுத்து வந்தேன். தேடாதே.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நான், ஆறு கறவை, ஆறு கன்று, இரண்டு கிடேரி, பதினொரு கோழி எல்லோரும் நலம். உங்கள் மூவரின் நலம் அறிய ஆசை. சின்னவளைப் பல்லைத் துழாவாமல் இருக்கச் சொல்.

சட்டையை எடுத்துப்போனது நீதானா! தொழுவத்து ஆணியில் அதைக் காணாமல் எலி வளை முதல் கோழிக்கூடு வரை தேடிவிட்டேன். ஞாபகத்துக்கு அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்துப்போயிருக்கக் கூடாதா? அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அப்பா கறப்பார். கறந்து முடித்ததும் ஆணியில் மாட்டுவார். ஒரு நாள் துவைத்ததில்லை. கோணக்கொம்பிக்கு அந்தச் சட்டைதான் அப்பா. நான் போய் உட்கார்ந்தால் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாலை அடக்கிக்கொள்கிறாள். அவள் அடக்கினால் மற்ற ஐந்தும் அவளைப் பார்த்து அடக்குகின்றன. நேற்று ஆறு மாட்டிலும் சேர்த்துப் பதினாறு லிட்டர். பால் நிலையத்தில் கேனை எட்டிப் பார்த்த ஆள், "என்னக்கா, பூனைக்கா கொண்டாந்தீங்க?" என்கிறார்.

நான் புகுந்த வீட்டை விட்டுத் திரும்பி வந்து ஒன்பது வருஷமாகிறது. இந்த ஒன்பது வருஷமும் தீவனம் வைத்தது நான், சாணி அள்ளியது நான், கன்று போடும்போது கையை விட்டு இழுத்தது நான். மடியில் மட்டும் அப்பா என்னைக் கை வைக்க விட்டதில்லை. "அது ஆம்பளை வேலைம்மா" என்பார். நிலையத்துக்கும் அவரேதான் போவார். திரும்பி வந்து, "இன்னிக்கும் நாப்பது!" என்று சைக்கிளைச் சாத்துவார். அவர் இருந்த வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி இருக்க மாட்டேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். சட்டையை உடனே அனுப்பு.

உங்கள் மூவருக்கும் என் அன்பு.
அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோரும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. பதினொரு கோழிக்கும் என் விசாரிப்பைச் சொல்.

சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தபாலில் அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. சாணி, பால், வியர்வை, ஏழெட்டு வருஷத்துக் கறை. கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? வழக்கம்போலப் பைகளைப் பார்த்துவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, கஞ்சி போட்டுத் தேய்த்திருக்கிறேன். புதுச் சட்டை மாதிரி இருக்கிறது.

நிலத்து விஷயம். நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் என் பாதியை நான் கொடுக்கலாம். பிரித்தால் தொழுவமும் கிணறும் என் பக்கம்தான் வரும். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆகையால் ஒன்று சொல்கிறேன். ஜூலை 31-ஆம் தேதி வரைக்கும் எடுத்துக்கொள். அன்றைக்குள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையும் மாலையும் சேர்த்து அப்பா அனுப்பிய நாற்பது லிட்டரை அனுப்பிக் காட்டு. காட்டினால் பத்திரத்தைக் கிழித்துப் போடுகிறேன், இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடு. சம்மதமா?

உன் நன்மையை நினைக்கும்,
தம்பி

*

மார்ச் 15

அடேய் தம்பி,

நலமா இருக்கிறாயா என்று கேட்கக்கூட இன்று மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா? இங்கு எல்லோரும் நலம், நான் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

துவைத்துவிட்டாயே! என் தலையை எதில் கொண்டுபோய் முட்டிக்கொள்வது? பொட்டலத்தைப் பிரித்ததும் சோப்பு வாசனை கம்மென்று வந்தது. கஞ்சியில் விறைத்து நிற்கிற அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கோணக்கொம்பி முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். விட்டாள் பார் ஓர் உதை, வாளி கூரையில் பட்டு விழுந்தது. உலகத்திலேயே ஓர் எருமைக்கு இஸ்திரி போட்ட சட்டை அனுப்பியவன் நீ ஒருவன்தான்.

நாற்பது லிட்டருக்குச் சம்மதம். எழுதி வைத்துக்கொள். அப்பா கறந்ததை நானும் கறப்பேன். அவர் கறந்த மாதிரியே கறப்பேன், மூன்று காம்பு நமக்கு, ஒரு காம்பு கன்றுக்கு. அதிலும் கை வைக்க மாட்டேன்.

ஒரு விஷயம். சட்டைப் பையில் அப்பாவின் பால் அட்டை இருந்திருக்குமே? தினம் எத்தனை லிட்டர் என்று நிலையத்தில் எழுதிக் கொடுக்கிற அட்டை. இப்போது இருக்கிற ஆள் புதிது, பழைய அட்டையைக் காட்டினால் என் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். இருந்தால் அனுப்பு.

சின்னவளுக்கு முத்தம். உனக்கு இல்லை.
அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சட்டை விஷயத்துக்கு மன்னித்துக்கொள். என் வீட்டுக்காரி கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சிரிக்கிறாள். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, இஸ்திரி மேடைப் பக்கம் நிற்க முடியவில்லை. பக்கத்துக் கடையைத் தையற்காரர் காலி செய்துவிட்டார். சின்னவளுக்கு ஒரு பல் முளைத்திருக்கிறது.

இப்போது எத்தனை லிட்டர் வருகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

*

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் மாடுகளும் நலம். கோழி ஒன்று குறைவு, கீரி. நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தில் வெயில் இருந்தது, தையற்காரர் இருந்தார், பல் இருந்தது. அட்டை மட்டும் இல்லை. போகட்டும், புது அட்டை வாங்கிவிட்டேன். அந்த ஆள் மூன்று நாள் இழுத்தடித்தார். நாலாம் நாள் கோணக்கொம்பியையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது சொல்கிறேன் கேள், முப்பது லிட்டர்! எப்படி என்று கேட்கமாட்டாயா? ஒரு மாதம் தவிட்டைக் காட்டினேன், தடவிக் கொடுத்தேன், "கண்ணே", "ராஜாத்தி" என்றெல்லாம் கொஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் உன்மேல் வந்த கோபத்தில், கறந்துகொண்டே உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். "தொடப்பக்கட்டை! சோப்புத் தண்ணியில பொறந்தவனே! அக்காவுக்கா கெடு வைக்கிற?" என்று வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். தம்பி, அவள் காதைப் பின்னால் மடக்கினாள், காலை அகட்டி நின்றாள், பால் சர்ரென்று இறங்கியது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா ஒரு நாளாவது திட்டாமல் கறந்திருக்கிறாரா? மழையை, வெயிலை, உன்னை, என்னை, யாரையாவது திட்டிக்கொண்டேதானே உட்கார்ந்திருப்பார். சட்டை பாதி என்றால் திட்டு பாதி. சட்டை போனால் என்ன, திட்டு என்னிடம் நிறைய இருக்கிறது.

சூளைக்காரர் அளவு நாடாவோடு வந்தார். "சும்மா அளந்து பாக்குறேம்மா" என்றார். "தாராளமா அளங்க" என்று மேய்ச்சல் படலைத் திறந்துவிட்டேன். நாடாவின் ஒரு முனையை வெள்ளைவாலி மென்றுகொண்டே குளத்துப் பக்கம் போய்விட்டாள். அவர் கிணற்று மேடையில் ஏறி நின்று, "மாட்டைப் பிடிங்க, மாட்டைப் பிடிங்க" என்று கத்தினார். நான் சாவகாசமாகத்தான் போனேன்.

எல்லோருக்கும் அன்பு. உன்னை இன்று காலையும் திட்டினேன்.
அக்கா

*

ஜூன் 10

தம்பிக்கு,

மாடுகள் நலம். நீங்கள் நலமா? வேலை அதிகம். முப்பத்து மூன்று லிட்டர் வந்தது, இப்போது கொஞ்சம் குறைவு. பேனா சரியில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீ?

உன் கடிதம் வந்த அன்றே கேட்க நினைத்தேன். ஆறே வரி, சின்னவள் எழுதினதைவிடக் கோணல். "மாடுகள் நலம்" என்று எழுதியிருக்கிறாய். எப்போதும் உன்னைத்தானே முதலில் எழுதுவாய்? நாலு தடவை படித்தேன். "நான்" என்ற வார்த்தையே அதில் இல்லை.

நேற்று மாட்டு டாக்டரம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஜூன் ஐந்தாம் தேதி சூளை லாரியின் ஹாரன் சத்தத்தில் கிடேரி மிரண்டு ஓடியதில், கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த அவருடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கன்றுக்குட்டிக்கு வைக்கிற பட்டையை வைத்து நான்தான் முதலில் கட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு இரண்டு மாதம் அசைக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். மறுநாளே இடது கையால் கறக்க உட்கார்ந்துவிட்டார். சொல்லிப் பார்த்தேன். என்னையும் திட்டினார்."

அக்கா, கயிற்றைக் கையில் சுற்றாதே என்று அப்பா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! போதும். பந்தயம் ரத்து. கெடுவும் வேண்டாம், லிட்டரும் வேண்டாம். நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பத்திரத்தை அங்கேயே முடித்துவிடலாம்.

பயந்துபோயிருக்கும்,
தம்பி

*

ஜூலை 3

தம்பிக்கு,

நானும் நலம், மாடுகளும் நலம். போதுமா?

கை முறிந்ததைச் சொல்லாததற்குக் காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. கை முறிந்தது என்றதும் கையைப் பற்றி இரண்டு வரி, பத்திரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறாய். டாக்டரம்மாவை இன்று பிடிபிடி என்று பிடித்தேன். கோணக்கொம்பி பக்கத்தில் நின்றதால் அரை லிட்டர் கூட வந்தது.

பந்தயத்தை நீ ரத்து செய்ய முடியாது. வைத்தது நீ, ஒத்துக்கொண்டது நான். ஒரு கை போனால் ரத்து என்று அதில் எழுதியிருந்ததா? இரண்டு மணி நேர வேலை நாலு மணி நேரமாகிறது, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்ட முடியாததால் கேனைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறேன். சாணியைக் காலால் தள்ளி ஒதுக்கிப் பிறகு அள்ளுகிறேன். உடம்பு வலிக்கிறதுதான், இல்லை என்று பூசி மெழுகவில்லை. சில நாள் மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அழுதுகொண்டே கறந்தேன். அழுகைக்கும் பால் விடுகிறாள், ஆனால் திட்டு அளவுக்கு இல்லை.

நான் உன் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறதற்குப் பிறந்தவள் இல்லை. என்னை அங்கே கொண்டுபோய் வைத்தால் உனக்குத்தான் நிம்மதி. அதை என் நன்மை என்று சொல்லாதே.

ஜூலை 31 வரைக்கும் இந்தப் பக்கம் வராதே. வந்தால் படலைத் திறக்க மாட்டேன்.

இடது கையால் எழுதியது, பொறுத்துக்கொள்.
அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மாடுகளும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஜூலை 31, காலை இருபது, மாலை பதினெட்டரை. மொத்தம் முப்பத்தெட்டரை. இதற்குமேல் ஒரு நாளும் வந்ததில்லை. தோற்றுவிட்டேன்.

மாலையில் அளந்து முடித்ததும் நிலையத்து ஆளே கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்தயம் ஊருக்கே தெரியும். "ஒன்றரை லிட்டர்தானேக்கா. குழாய் இந்தா இருக்குது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றார். "திரும்பாதீங்க, இப்படியே நில்லுங்க. நான் கறந்தது எவ்வளவோ அதை எழுதுங்க" என்றேன். எழுதினார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கு இல்லை. நாலாவது காம்பில் கை வைத்திருந்தால் நாற்பதென்ன, அதற்கு மேலேயே வந்திருக்கும். அது கன்றுகளுடையது.

வார்த்தை வார்த்தைதான். பத்திரத்தை அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன். வலது கையில் இன்னும் கட்டு இருக்கிறது, இடது கைக் கையெழுத்து செல்லுமா என்று சூளைக்காரரைக் கேட்டுக்கொள்.

ஆனால் உன் மாடி அறைக்கு வர மாட்டேன். நிலம்தான் இரண்டு பேருடையது, மாடுகள் என்னுடையவை. மூன்று மைல் தள்ளி ஒரு பழைய கொட்டகை பார்த்து வைத்திருக்கிறேன். கூரை இல்லை, கிணறு இருக்கிறது. எல்லோரையும் நடத்தியே கூட்டிப்போய்விடுவேன். கோணக்கொம்பி முன்னால் போனால் மற்றவை பின்னால் வரும். அங்கே போய் நாற்பது கறப்பேன். அதை உனக்கு எழுதவும் மாட்டேன்.

சின்னவளுக்கு என் அன்பைச் சொல்.
அக்கா

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை. நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேலாகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். இப்போது இதனுடன் ஓர் அட்டையை வைத்திருக்கிறேன். அப்பாவின் பால் அட்டை. சட்டைப் பையில்தான் இருந்தது. துணி எதுவானாலும் பையைப் பார்க்காமல் தண்ணீரில் போட மாட்டேன் என்று உனக்குத் தெரியும். துவைப்பதற்கு முன்பே எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். நீ கேட்டபோது மழுப்பிவிட்டு வெயிலைப் பற்றி எழுதினேன்.

அட்டையைப் படித்துப் பார். அதே ஆறு மாடு, அதே மூன்று காம்பு, நாலு மாதக் கணக்கு. முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, முப்பத்திரண்டு. உச்சமே ஒரு நாள் முப்பத்தாறு. அப்பா ஒரு நாளும் நாற்பது அனுப்பியதில்லை, அக்கா. கேன்தான் இருபது லிட்டர் கேன், இரண்டு வேளைக்கும் சேர்த்து நாற்பது என்று சொல்லிக்கொண்டார். சின்ன வயதில் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போதே, கேன் தளும்பும் சத்தம் கேட்டிருக்கிறேன். நிறைந்த கேன் தளும்பாது. அட்டையைப் பார்த்ததும்தான் அது ஞாபகம் வந்தது. அது தெரிந்த பிறகுதான் உனக்கு நாற்பது என்று எழுதினேன். யாராலும் முடியாததைக் கேட்டால் நீ தோற்றுத்தானே ஆக வேண்டும்?

ஏன் என்று கேட்பாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சாணி நாற்றம் தாங்காமல் ஓடிவந்தவன் நான். நீ அங்கே ஜெயித்துவிட்டால் என் முகத்தை நான் எங்கே கொண்டு வைப்பது? நீயும் விட்டுவிட்டு வந்தால், எவராலும் முடியாத இடத்தைத்தான் நானும் விட்டேன் என்று ஆகிவிடும். நீ சொன்னது சரிதான், என் நிம்மதிக்குத்தான் கேட்டேன். நீ ஒற்றைக் கையால் அப்பாவைத் தாண்டிவிட்டு, தோற்றேன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று நின்றிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டேன்.

பத்திரத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன், உறையில் இருக்கிறது. சூளைக்காரருக்கும் எழுதிவிட்டேன். கொட்டகைக்குப் போய்விடாதே.

மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாத,
தம்பி

*

செப்டம்பர் 5

தம்பிக்கு,

நான் நலம். கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு கொஞ்சம் கோணல், கோணக்கொம்பிக்கு ஜோடியாகிவிட்டேன். ஆறு கறவை, ஆறு கன்று, இரண்டு கிடேரி, பத்துக் கோழி நலம். உன் வீட்டுக்காரியும் சின்னவளும் நலமா?

உன் கடிதத்தைக் கிணற்று மேடையில் உட்கார்ந்து படித்தேன். முதலில் அட்டையை நம்பவில்லை. பிறகு அப்பாமேல் கோபம் வந்தது. ஒன்பது வருஷம் "நாப்பது, நாப்பது" என்று என் காதில் பூச்சுற்றியிருக்கிறார் மனுஷன்! பிறகு சிரிப்பு வந்தது. அப்புறம் உன்மேல் வந்தது பார், அதற்குப் பெயர் கோபம் இல்லை. ஆறு மாதம், தம்பி. ஒடிந்த கையோடு இரண்டு மாதம். இல்லாத நாற்பதைத் துரத்திக்கொண்டு நான் ஓட, நீ மேஜை இழுப்பறையில் அட்டையைப் பூட்டிவைத்துக்கொண்டு துணி மடித்திருக்கிறாய். இதை மறக்க மாட்டேன். மன்னிப்பேனா என்று இன்று சொல்ல முடியாது.

உன் பாதி உன்னுடையதாகவே இருக்கட்டும். எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று பார்க்காதே. வந்து அதில் ஒரு நாள் சாணி அள்ளு. துவைக்காத சட்டையோடு வா.

நேற்று மாலை உன் கடிதத்தைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனேன். சட்டை மாட்டுகிற ஆணியில் குத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் உன்னைத் திட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கறந்தேன். ஆறு மாடும் காதை மடக்கிக் கேட்டன. இன்று காலையும் அதே கடிதம், அதே திட்டு. நிலையத்து ஆள் இரண்டு தடவை அளந்து, "அக்கா, நீங்களே வந்து பாருங்க" என்றார்.

நாற்பத்தொன்று. என் அட்டை உறைக்குள் இருக்கிறது. பையைப் பார்க்காமல் துவைத்துவிடாதே.

அக்கா